குளக்கரைக்கு ஒரு லென்ஸ்

பறவைகளைப் படம் எடுக்கப் புறப்படுகிறவன் முதலில் ஒப்புக்கொள்ள வேண்டியது, அவற்றுக்கு நம்மிடம் ஒரு வேலையும் இல்லை என்பதையே. மலரைப் படம் எடுக்கலாம், அது காத்திருக்கும். மாணவர்களைப் படம் எடுக்கலாம். வரிசையில் நின்று சிரிப்பார்கள். கொக்கோ, நாம் காரின் கதவைத் திறக்கும் ஓசையிலேயே குளத்தின் அக்கரையை அடைந்துவிடும். கைத்தொலைபேசியால் அதைப் படம் எடுத்துப் பார்த்தால், பச்சைப் பாயில் சிந்திய ஒரு சோற்றுப் பருக்கைபோல் இருக்கும்.

எனக்கு இந்த ஆசை வெறும் பொழுதுபோக்காக வந்ததன்று. சிலாங்கூரில், செம்பனைத் தோட்டம் ஒன்றை ஒட்டிய தமிழ்ப்பள்ளியில் பல ஆண்டுகள் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். பள்ளிக்குச் சற்றுத் தொலைவில் ஒரு குளம் உண்டு. வெண்மார்பு மீன்கொத்தியும் செந்நாரையும் கானாங்கோழியும் அங்கே நிரந்தரக் குடிகள். சீழ்க்கைச் சிறகிகள் கூட்டமாய் வந்து போகும். மேலே செம்பருந்து வட்டமிடும். மாலை மங்கினால், எலிகளை ஒழிப்பதற்கென்று தோட்டத்தார் வைத்த பெட்டிகளிலிருந்து கூகைகள் வெளிப்படும். இத்தனையையும் நாள்தோறும் பார்த்து வளரும் பிள்ளைகளிடம் மீன்கொத்தியைக் காட்டிப் பெயர் கேட்டால், ‘ராஜா ஊடாங்’ என்பார்கள். கானாங்கோழியை ‘ருவாக் ருவாக்’ என்பார்கள். மலாய்ப் பெயரை அவர்கள் அறிந்திருப்பது நல்லதே. ‘ருவாக் ருவாக்’ என்பது அப்பறவை தன் வாயாலேயே சொல்லிக்கொள்ளும் பெயர். அதனினும் பொருத்தமான பெயரை நானும் கேட்டதில்லை. ஆயினும் தமிழிலும் அதற்கொரு பெயர் உண்டு என்பதையே அறியாமல் அவர்கள் ஆறாம் ஆண்டை முடித்துப் போவது என் மனத்தை உறுத்தியது. பறவையின் படமும் கீழே அதன் தமிழ்ப் பெயரும் கொண்ட அட்டைகளைச் செய்து வகுப்பில் வைக்க எண்ணினேன். அவை எங்கோ எவரோ எடுத்த படங்களாய் இராமல், பிள்ளைகள் தினமும் கடந்து செல்லும் அந்தக் குளத்துப் பறவைகளாகவே இருக்கவேண்டும் என்பது என் பிடிவாதம்.

காலமோ குறைவாக இருந்தது. தோட்டத்தின் அப்பகுதி வீடமைப்புக்குக் கைமாறிவிட்டது. குளத்தைச் சுற்றிச் சிவப்புத் துணி கட்டிய அளவுக் கம்புகள் ஒரு நாள் காலையில் முளைத்திருந்தன. மறு ஆண்டுக்குள் மண் கொட்டி நிரப்பிவிடுவார்கள் என்று தோட்டத்தில் பேசிக்கொண்டார்கள்.

என்னிடம் இருந்தது நிக்கோன் டி 7200 என்னும் கருவி. 2015ஆம் ஆண்டில் வெளிவந்தது. என் பழைய மாணவர் ஒருவர், திருமணப் படங்கள் எடுப்பவர், புதியதற்கு மாறியபோது குறைந்த விலைக்கு எனக்குத் தந்தது. உடன் வந்த லென்ஸ் மணமக்களுக்கு ஏற்றதே ஒழிய, மீன்கொத்திக்கு ஏற்றதன்று. நீண்ட ஜூம் லென்ஸ் ஒன்று வேண்டும். எது? கையில் இருந்த தொகை இரண்டாயிரத்து ஐந்நூறு ரிங்கிட்.

இங்கே கொஞ்சம் கணக்குப் போட வேண்டியிருக்கிறது. கணக்கென்றால் முகம் சுளிக்கும் தமிழாசிரியர்களுள் நானும் ஒருவன். எனினும் இது நான்காம் ஆண்டு விகிதக் கணக்குத்தான். வெண்மார்பு மீன்கொத்தி ஏறத்தாழ 28 சென்டிமீட்டர் நீளம். அது இருபது மீட்டர் தொலைவில் அமர்ந்திருக்க, 400 மில்லிமீட்டர் லென்ஸால் நோக்கினால், கருவியின் உள்ளே படம் பதியும் சில்லின்மேல் அதன் உருவம் 5.6 மில்லிமீட்டர் விழும். என் கருவியின் சில்லு 15.6 மில்லிமீட்டர் உயரம். ஆகவே பறவை படத்தின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலாக நிற்கும். 300 மில்லிமீட்டர் என்றால் நான்கில் ஒரு பங்கு சொச்சம். 600 என்றால் பாதிக்கு மேல்.

இதைக் கண்டவுடன் 600தான் வேண்டும் என்று மனம் துள்ளும். துள்ளலை அடக்குவது அதே கணக்கின் மறுபக்கம். 400 மில்லிமீட்டர் லென்ஸுடன் பதின்மூன்று மீட்டருக்கு நெருங்கிவிட்டால், இருபது மீட்டரில் 600 தரும் அதே அளவு கிடைத்துவிடுகிறது. இரண்டுக்கும் இடையே இருப்பது ஏறக்குறைய ஏழு மீட்டர். அந்த ஏழு மீட்டரைப் பணத்தால் கடப்பதா, பொறுமையால் கடப்பதா என்பதே கேள்வி.

ஆனால் எல்லா இடத்திலும் பொறுமை உதவாது. செப்டம்பர் முதல் மார்ச் வரை கோலசிலாங்கூர்க் கடலோரச் சேற்றுத் திட்டுகளுக்கு வடபுலத்திலிருந்து வலசை வரும் உள்ளான்கள் அறுபது மீட்டருக்கு அப்பால் மேய்ந்துகொண்டிருக்கும். அங்கே அதே விகிதப்படி இருபது மீட்டர் முன்னேற வேண்டும். முன்னேறினால் இடுப்பளவு சேற்றில் நிற்க வேண்டும். கடலோரப் பறவைகளே குறி என்பவர், எவ்வளவு சிரமப்பட்டேனும் 600 வரை நீளும் லென்ஸையே வாங்கவேண்டும் என்பது என் கருத்து. எனக்குரியது குளம், கரையோரமாகக் கார் போகும் மண்பாதையும் உண்டு.

அடுத்தது வெளிச்சம். லென்ஸின் பெயரோடு எஃப் 4, எஃப் 6.3 என்று ஒட்டிக்கொண்டிருக்கும் எண், அதன் நீளத்தைத் துளையின் விட்டத்தால் வகுத்து வருவது. எண் சிறிதானால் துளை பெரிது. 600 மில்லிமீட்டர் எஃப் 4 லென்ஸுக்கு 150 மில்லிமீட்டர் அகலத் துளை வேண்டும். அஃதாவது, முகப்புக் கண்ணாடி ஒரு சாப்பாட்டுத் தட்டை நினைவூட்டும். அதே நீளத்தில் எஃப் 6.3 என்றால் 95 மில்லிமீட்டர் போதும். முன்னது இரண்டரை மடங்கு ஒளியை உள்ளே விடுகிறது. அதற்காகத் தொழிற்சாலை கேட்கும் விலையில் நம் நாட்டில் ஒரு சிறு காரையே வாங்கிவிடலாம். மலிவான லென்ஸ்கள் மலிவாக இருப்பதற்கு முதற்காரணம் இந்தச் சிறிய துளையே. கண்ணாடியின் தரம் தாழ்ந்தது என்று எண்ணிவிடக் கூடாது. கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் வந்த நடுத்தர விலை லென்ஸ்கள், பகல் வெளிச்சத்தில், சிறகின் ஒவ்வோர் இழையையும் பிரித்துக் காட்டுகின்றன. ஃபிரேசர் மலையின் அடர்ந்த காட்டில், மேகம் இறங்கிய காலைப் பொழுதில், அவை திணறுவது உண்மையே. அப்போது கருவியின் ஐ.எஸ்.ஓ. எண்ணை 3200, 6400 என ஏற்ற வேண்டிவரும். படத்தில் மணல் தூவியதுபோல் ஒரு சொரசொரப்புப் படியும். திறந்த குளக்கரைக்கு இந்தக் குறை பெரிதன்று.

ஓர் எச்சரிக்கையையும் சொல்லிவிடுகிறேன். லென்ஸுக்கும் கருவிக்கும் நடுவே பொருத்தும் ‘டெலிகன்வெர்ட்டர்’ என்னும் சிறு வளையம் குறுக்குவழியாகத் தோன்றும். 1.4 மடங்கு வளையம் ஒளியில் பாதியை விழுங்கும். 2 மடங்கு வளையம் முக்காலையும் விழுங்கும். ஏற்கெனவே எஃப் 6.3 உள்ள லென்ஸோடு இதைச் சேர்த்தால், என்னுடையதைப் போன்ற பழைய கருவிகள் பறவையைக் குவியத்தில் பிடிக்க முடியாமல் முன்னும் பின்னும் தவிக்கும்.

என் மாணவர் தமது நண்பரிடமிருந்து 150-600 லென்ஸ் ஒன்றை ஒரு வாரத்துக்கு இரவல் வாங்கித் தந்தார். டாம்ரோன் நிறுவனம் 2013ஆம் ஆண்டின் இறுதியில் இவ்வகையைக் கொணர்ந்ததும், 2015இல் சிக்மாவும் அதே அளவில் ஒன்றைத் தந்ததும், என்னைப் போன்ற சம்பளக்காரர்களுக்குப் பறவைப் படத்தின் வாயிலைத் திறந்துவிட்ட நிகழ்ச்சிகள் என்றே சொல்லலாம். அதே 2015இல் நிக்கோனும் எஃப் 5.6 கொண்ட 200-500ஐ வெளியிட்டது, அது 2.3 கிலோ. இரவல் வந்தது இரண்டு கிலோவுக்குச் சற்றுக் குறைவு. முதல் நாள் அது இரண்டு கிலோவாகவே இருந்தது. மூன்றாம் நாள் ஐந்து கிலோவாயிற்று. முப்பது ஆண்டுகள் கரும்பலகையில் எழுதிய தோள், பத்து நிமிடத்துக்கு மேல் அதைத் தூக்கி நிறுத்த மறுத்தது. லென்ஸுக்குள் இருக்கும் அதிர்வு தடுக்கும் பொறி கையின் நடுக்கத்தைச் சமாளிக்கும். தோள் வலியைச் சமாளிக்காது. பறவையின் அசைவையும் அது நிறுத்தாது; பறக்கும் செம்பருந்துக்கு நொடியில் ஈராயிரத்தில் ஒரு பங்கு வேகம் வேண்டும், யார் தாங்கிப் பிடித்தாலும்.

படங்கள் மட்டும் அருமையாக வந்தன. அதை மறைப்பதற்கில்லை. இன்னும் ஓராண்டு பணம் சேர்த்து, நல்ல முக்காலியோடு இதையே வாங்கிவிடலாமா என்று வீட்டில் பேச்செடுத்தேன். என் துணைவியார் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார், தலை நிமிரவில்லை.

“அடுத்த வருஷம் உங்களிடம் பணம் இருக்குங்க. குளம் இருக்குமா?”

மறுநாளே கோலாலம்பூருக்குப் பேருந்து ஏறினேன்.

2018ஆம் ஆண்டில் நிக்கோனும் கேனனும் கண்ணாடி இல்லாத புதுவகைக் கருவிகளுக்கெனப் புதிய லென்ஸ் வரிசைகளைத் தொடங்கியதிலிருந்து, வசதியுள்ளோர் பலர் அவற்றுக்கு மாறிவருகின்றனர். அவர்கள் கைவிட்ட பழைய பொருத்துமுறை லென்ஸ்கள், குறையொன்றுமில்லாமல், பழைய பொருள் கடைகளில் வந்து குவிகின்றன. சிக்கனக்காரனுக்கு இது நல்ல காலம். நான் போன கடையின் சீனப் பெரியவர், நான் ஆசிரியன் என்று அறிந்ததும் ‘சிக்கு, சிக்கு’ என்று அழைத்து, மூன்று லென்ஸ்களை எடுத்து வைத்தார். என் சட்டைப் பையில் ஒரு சிறு டார்ச் விளக்கு இருந்தது. லென்ஸின் பின்புறத்திலிருந்து ஒளி பாய்ச்சி முன்புறமாகப் பார்த்தால், உள்ளே சிலந்தி நூல்போல் படர்ந்த பூஞ்சணம் தெரிந்துவிடும். நம் நாட்டின் ஈரக் காற்றில் லென்ஸுக்கு அதுவே எமன். முதலாவதில் அது இருந்தது. இரண்டாவதைக் கவிழ்த்துப் பிடித்ததும், ஜூம் குழல் தானாகவே சரிந்து இறங்கியது. மூன்றாவது, 2017இல் வந்த டாம்ரோன் 100-400. எடை சற்றேறக் குறைய 1.1 கிலோ. கடை வாசலில் நின்று, எதிர்த்தெருப் பெயர்ப்பலகை ஒன்றை 400இல் நீட்டி, துளையை முழுதும் திறந்து, பத்துப் படங்கள் எடுத்தேன். பத்திலும் எழுத்துகளின் ஓரம் கூர்மையாக இருந்தது. ‘சிக்கு என்றால் சும்மாவா!’ என்று பெரியவர் சிரித்து, ஐம்பது ரிங்கிட் குறைத்தார்.

மிச்சப் பணத்தில் காற்றுப் புகாத ஒரு பெட்டியும், ஈரம் உறிஞ்சும் மணிகளும், ஈரப்பத மானி ஒன்றும் வாங்கினேன். பெட்டிக்குள் நாற்பதிலிருந்து ஐம்பது விழுக்காடு ஈரப்பதம் இருந்தால் பூஞ்சணம் அண்டாது.

அதன்பின் என் காலைகள் காருக்குள் கழிந்தன. மனிதன் நடந்து வந்தால் பறந்தோடும் பறவை, மெல்ல ஊர்ந்து வந்து நிற்கும் காரைப் பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை. துணிப்பை ஒன்றில் இரண்டு கிலோ பச்சைப் பயறு நிரப்பி, கார் சன்னலின் விளிம்பில் போட்டு, அதன்மேல் லென்ஸைக் கிடத்தினால் முக்காலி தேவையில்லை. (பயறு எங்கே போயிற்று என்று வீட்டில் சில நாள் விசாரணை நடந்தது.) விடிந்தது முதல் ஒன்பது மணி வரைதான் வேலை. வெயில் ஏறினால் நீர்ப்பரப்பின்மேல் காற்று நெளியத் தொடங்கும்; அந்த நெளிவில் எவ்வளவு விலையுயர்ந்த லென்ஸும் கலங்கிய படமே தரும்.

ஐந்து மாதங்களில் இருபத்து மூன்று பறவைகள் அட்டையில் ஏறின. மீன்கொத்தி நீரில் பாயும் கணம் மட்டும் இன்னும் அகப்படவில்லை. அளவுக் கம்புகளை ஒட்டி இப்போது மண்வாரி இயந்திரம் ஒன்றும் வந்து நிற்கிறது; அதன் கைப்பிடிமேல் அமர்ந்து மீன்கொத்தி வேட்டையாடுகிறது. அந்தப் படமும் அட்டைகளுள் ஒன்று.

அட்டைகளைப் பள்ளியில் கொண்டுபோய் வைத்த அன்று, கானாங்கோழி தன் குஞ்சுகளோடு செல்லும் படத்தைப் பார்த்த மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்தி, குஞ்சுகள் கன்னங்கரேலென்று இருப்பதால் அவை காக்கைக் குஞ்சுகளே என்று சாதித்தாள். பக்கத்துப் பையன் மறுத்தான். வகுப்பு இரண்டு கட்சியாய்ப் பிரிந்தது. அவ்வாரச் சனிக்கிழமை காலை ஏழு மணிக்குப் பதினொரு பிள்ளைகள் குளக்கரையில் எனக்காகக் காத்திருந்தார்கள்.