ஓவியருக்கும் ஓர் இடம்

புதுதில்லி
18.12.2025

அன்புள்ள கயலுக்கு,

பெரியம்மா எழுதுவது. உனக்கு வழக்கமாக அட்டைப்பட வேலை கொடுக்கும் பதிப்பகம், இனி ஏஐயிலேயே படம் போட்டுக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டதாம். உன் அம்மா போனில் சொல்லி அழுதாள். நீ சரியாகச் சாப்பிடுவதுகூட இல்லையாம். இதை என்னிடம் ஏன் சொல்லவில்லை? தில்லியில் இருக்கிறேன் என்பதற்காக நான் மூன்றாம் மனுஷி ஆகிவிட்டேனா? உன் கையில் முதல் கலர் பென்சிலைக் கொடுத்தவள் நான், ஞாபகம் இருக்கட்டும்.

இங்கே பனியும் புகையுமாக மூச்சு முட்டுகிறது. பெரியப்பாவைக் காலை நடைக்கு நான் விடுவதில்லை. ஜன்னலைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்ததில் படிக்க நேரம் கிடைத்தது. படித்தது உனக்கு ஆகிற விஷயம், பொறுமையாகக் கேள்.

போன வருஷம் நவம்பரில் ஏஎன்ஐ செய்தி நிறுவனம், எங்கள் செய்திகளை அனுமதியில்லாமல் எடுத்து சாட்ஜிபிடிக்குப் பயிற்சி கொடுத்தார்கள் என்று ஓப்பன்ஏஐ மீது இங்கே உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. பதிப்பாளர்களும் அதில் சேர்ந்துகொண்டார்கள். 1957-ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டத்தில் இதற்கு நேரான பதில் இல்லை. வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே, ஏப்ரலில் மத்திய அரசின் தொழில், உள்நாட்டு வர்த்தக மேம்பாட்டுத் துறை 8 பேர் கொண்ட குழுவை அமைத்தது. அந்தக் குழுவின் அறிக்கையில் முதல் பகுதி இந்த மாதம் 8-ஆம் தேதி வெளிவந்திருக்கிறது. 30 நாளுக்குள் யார் வேண்டுமானாலும் கருத்துச் சொல்லலாம். யார் வேண்டுமானாலும் என்றால் நீயும்தான்.

சட்டப்படி கைக்கு எட்டுகிற எந்தப் படைப்பையும் ஏஐ நிறுவனங்கள் பயிற்சிக்கு எடுத்துக்கொள்ளலாம், படைத்தவர் தடுக்க முடியாது, பதிலுக்கு வருமானத்தில் ஒரு பங்கை ராயல்டியாகக் கட்ட வேண்டும் என்கிறது அறிக்கை. எவ்வளவு என்பதை அரசு நியமிக்கும் குழு முடிவு செய்யும். வசூலித்துப் பிரித்துக் கொடுக்க ஒரே மைய அமைப்பு. ஐடி நிறுவனங்களின் சங்கமான நாஸ்காம் இதற்கும் சம்மதிக்கவில்லை. பயிற்சிக்கு விதிவிலக்கு கொடுங்கள், விரும்பாதவர்கள் விலகிக்கொள்ளட்டும் என்று மாற்றுக் கருத்தைப் பதிவு செய்திருக்கிறது. பணமே தராமல் எடுப்பதைவிட அறிக்கை சொல்வது மேல்தான். ஆனாலும் 'என் படத்தைத் தொடாதே' என்று சொல்லும் உரிமையை உன்னிடமிருந்து எடுத்துவிடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. இதை நீயே அவர்களுக்கு எழுத வேண்டும்.

எனக்குத் தூக்கம் கெட்டது வேறொன்றால். அந்த மைய அமைப்பில் தனி ஆளாக உறுப்பினர் ஆக முடியாது. ஒவ்வொரு வகைப் படைப்புக்கும் ஒரு சங்கம் என்றுதான் உள்ளே இடம். பாடலாசிரியர்களுக்கும் இசையமைப்பாளர்களுக்கும் ஐபிஆர்எஸ் என்ற சங்கம் இருக்கிறது. பாடகர்களுக்குத் தனிச் சங்கம் இருக்கிறது. ஓவியர்களுக்கென்று பதிவு பெற்ற பதிப்புரிமைச் சங்கம் இந்தியாவில் ஒன்றுகூடக் கிடையாது. 'பொன்னியின் செல்வன்' வந்தியத்தேவன் என்றால் நம் வீட்டில் எல்லோருக்கும் கல்கி பத்திரிகையில் ஓவியர் மணியம் வரைந்த முகம்தான் மனதில் வரும். அப்படி ஒரு பரம்பரையில் வந்த உங்களுக்காகப் பேச அங்கே ஆள் இல்லை.

2012-இல் நடந்ததைச் சொல்கிறேன். சினிமாப் பாட்டின் உரிமையை ஒரு தொகைக்கு மொத்தமாக எழுதி வாங்கிக்கொள்வதுதான் அதுவரை வழக்கம். இந்திப் பாடலாசிரியர் ஜாவேத் அக்தர் மாநிலங்களவை உறுப்பினராக இருந்து, உள்ளேயும் வெளியேயும் இதற்காகப் பேசிக்கொண்டே இருந்தார். அந்த மே மாதம் இரண்டு அவைகளிலும் பதிப்புரிமைச் சட்டத் திருத்தம் நிறைவேறியது. திரையரங்கில் படத்தோடு ஓடுவது தவிர மற்றப் பயன்பாடுகளில் வரும் ராயல்டியைப் பாட்டெழுதியவரும் இசையமைத்தவரும் எழுதிக்கொடுத்தாலும் செல்லாது என்றாகிவிட்டது. அந்தப் பாதுகாப்பு இலக்கியத்துக்கும் இசைக்கும்தான், ஓவியத்துக்கு இல்லை. கேட்டவர்களுக்குக் கிடைத்தது என்றுதான் எனக்குப் படுகிறது.

அதே திருத்தத்தில் உனக்கு உதவுகிற ஒன்றும் இருக்கிறது. நீ எழுதிக்கொடுத்த காலத்தில் இல்லாத ஒரு புதிய பயன்பாட்டுக்கு, ஒப்பந்தத்தில் அதைக் குறிப்பிட்டுச் சொல்லியிருந்தால் ஒழிய, அந்த ஒப்பந்தம் பொருந்தாது. ஆகவே பழைய காகிதங்களை எடைக்குப் போட்டுவிடாதே. இனி வருகிற ஒப்பந்தங்களில் 'எந்தத் தொழில்நுட்பத்திலும்' என்று ஒரு வரி இருந்தால் கையெழுத்துப் போடும் முன் எனக்குப் படம் எடுத்து அனுப்பு.

மார்ச் மாதம் குடும்ப வாட்ஸ்அப்பில் எல்லோரும் தங்கள் போட்டோவை ஏஐயில் ஜப்பானின் ஜிப்லி ஸ்டூடியோ கார்ட்டூன் பாணிப் படமாக மாற்றிப் போட்டபோது நீ ஒரு வார்த்தை பேசாமல் குழுவைவிட்டு விலகினாய். உன் கோபம் எனக்குப் புரிந்தது. ஆனால் சித்தப்பாவிடம் கோபித்து என்ன ஆகும்? அந்தக் கோபத்தை இப்போது காகிதத்தில் எழுது. ஒன்று கவனம்: பாணிக்குச் சட்டத்தில் பாதுகாப்பு இல்லை, வரைந்த படத்துக்குத்தான் உண்டு. 'என் பாணியைத் திருடினார்கள்' என்று எழுதினால் ஒதுக்கிவிடுவார்கள். ஒரு அட்டைப்படத்துக்கு எத்தனை நாள் ஆகிறது, என்ன கூலி வருகிறது, இந்த வருஷம் எத்தனை வேலை போயிற்று என்று எழுது. எதை வைத்துப் பயிற்சி கொடுத்தார்கள் என்பதை நிறுவனங்கள் வெளியே சொல்ல வேண்டும் என்று கேள். ராயல்டி விகிதம் முடிவு செய்கிற குழுவில் ஓவியர் ஒருவராவது இருக்க வேண்டும் என்று கேள். சங்கம் உருவாகும்வரை ஓவியர்களின் பங்கை யார் வைத்திருப்பார்கள் என்றும் கேள்.

ஒரு ஆள் எழுதி என்ன ஆகப்போகிறது என்பாய், உன்னைத் தெரியாதா. இங்கிலாந்து அரசு இதேபோல் கருத்துக் கேட்டபோது 11,500-க்கு மேல் பதில்கள் குவிந்தன. ஆயிரத்துக்கும் மேற்பட்ட இசைக்கலைஞர்கள் சேர்ந்து, எதிர்ப்பாகப் பாட்டே இல்லாத ஒரு மௌன ஆல்பத்தை வெளியிட்டார்கள். விரும்பாதவர்கள் விலகிக்கொள்ளட்டும் என்பதே தனக்கு உகந்த வழி என்று முதலில் சொன்ன அந்த அரசு, இப்போது அதை அதே வேகத்தில் சொல்வதில்லை.

ஆங்கிலம் வராதே என்று தயங்காதே. தமிழில் எழுதி அனுப்பு, பெரியப்பாவும் நானும் மொழிபெயர்த்துத் தருகிறோம். உன்னோடு மதுரையில் படம் போடுகிற பிள்ளைகளையும் கூட்டி உட்காரவை. ஆளுக்கு ஒரு கடிதம், அவரவர் அனுபவத்தோடு. அப்படியே சங்கம் பற்றியும் பேச்சை ஆரம்பித்துவிடுங்கள். ஜனவரி முதல் வாரம் வரைதான் நேரம், நான் பார்த்துத் திருத்த நாலு நாளாவது வேண்டும். அதனால் கிறிஸ்துமஸுக்குள் எனக்கு வந்துவிட வேண்டும்.

பணம் கொஞ்சம் அனுப்பியிருக்கிறேன். அம்மாவிடம் சொல்லாதே, வேண்டாம் என்றும் சொல்லாதே. வேளாவேளைக்குச் சாப்பிடு.

அன்புடன்,
பெரியம்மா