யார் கைக்கு அளந்த சக்கரம்

காரின் ஸ்டியரிங்கை மாற்றப்போகிறேன் என்று சொன்னபோது எங்கள் துறையில் யாரும் அதை நேர்ப்பொருளில் எடுத்துக்கொள்ளவில்லை. கவிதை எழுதுகிற பெண்ணுக்கு இப்படி ஒரு தொல்லை உண்டு. கத்தரிக்காய் வாங்கப் போகிறேன் என்றாலும் அதில் குறியீடு தேடுவார்கள். நான் சொன்னது சக்கரத்தை. மூன்று கம்பியும் ஒரு நட்டும் உள்ள, கையால் பிடிக்கிற சக்கரத்தை.

வண்டி ஒரு பழைய மாருதி ஜென். ஸ்போர்ட்ஸ் கார் என்றால் சிவப்பாக, தரையோடு தரையாக, இரண்டு பேர் மட்டும் உட்காரும் இத்தாலிய வண்டியை நினைக்கிறவர்கள் சிரிக்கலாம். 1993-இல் ஜென் வந்தபோது தேனி, கம்பம் பக்கத்துப் பையன்களுக்கு அதுதான் ஸ்போர்ட்ஸ் கார். 993 சிசி அலுமினிய எஞ்சின், 50 குதிரைத்திறன், முக்கால் டன்னை ஒட்டிய எடை. ராலிகளில் ஓடிய வண்டி. கோவையின் கரிவரதன் மாருதி 800 எஞ்சினைக் கொண்டு ஒற்றை இருக்கைப் பந்தய வண்டிகள் செய்ததையும், சோழவரத்துப் பழைய விமான ஓடுதளத்தில் நடந்த பந்தயங்களையும் பையன்கள் டீக்கடையில் பேசுவார்கள். பெண் பிள்ளைகள் அந்தப் பேச்சைக் கடந்து டியூஷனுக்குப் போவோம். காதில் விழுந்ததை யாரும் தடுக்க முடியவில்லை.

என் ஜென்னில் பவர் ஸ்டியரிங் இல்லை, காற்றுப்பையும் இல்லை. பதினைந்து ஆண்டு முடிந்து பதிவைப் புதுப்பித்து ஓடுகிற வண்டி. சக்கரத்தின் உறை வெயிலில் உருகிப் பிசுபிசுத்து, மணிக்கட்டில் கறுப்பாக ஒட்டத் தொடங்கியிருந்தது. மாற்றுவது என்று ஆனதும் அளந்து பார்த்தேன். விட்டம் 37 சென்டிமீட்டர்.

மதுரையில் ஒரு கடைக்குப் போனேன். சுவர் முழுக்கச் சக்கரங்கள் மாட்டியிருந்தார்கள். "பையனுக்கா மேடம்?" என்றார் கடைக்காரர். எனக்குத்தான் என்றதும் அவர் கை சுவரிலிருந்து இறங்கி மேசைக்கு வந்தது. இளஞ்சிவப்பு நிறத்தில் பஞ்சு வைத்த உறை ஒன்றை எடுத்துப் போட்டு, "லேடீஸ்க்கு இது போதும், சாப்ட்டா இருக்கும்" என்றார். பெண்ணுக்குச் சக்கரம் விற்பதில்லை, சக்கரத்துக்குப் பாவாடைதான் விற்பார்கள் போலிருக்கிறது. சுவரில் இருப்பதைக் காட்டுங்கள் என்று இரண்டாவது முறை கேட்ட பிறகுதான் கழற்றிக் கொடுத்தார்.

கையில் வாங்கியதும் ஒன்று விளங்கியது. எல்லாமே தடிமன். என் விரல்கள் வளையத்தைச் சுற்றி வந்து கட்டைவிரலைத் தொடவில்லை. சந்தையில் அதிகம் போலி செய்யப்படுகிற பெயர் மோமோ. ஜான்பியரோ மொரெட்டி என்ற இத்தாலியப் பந்தய வீரர் 1960களில் தன் வண்டிக்கென்று ஒரு கைவினைஞரிடம் சொல்லிச் செய்துகொண்ட சக்கரத்தில் தொடங்கியது அது. அன்று புழக்கத்தில் இருந்தவற்றைவிடப் பிடி பருமனாக வேண்டும் என்பது அவர் கேட்டது. 1964-இல் உலகச் சாம்பியனான ஜான் சர்டீஸின் ஃபெராரியிலும் அந்தச் சக்கரம் ஏறியது. ஒரு மனிதர் தன் உள்ளங்கைக்கு அளவெடுத்துச் செய்துகொண்டதில் எனக்கு வருத்தமில்லை. நானும் அதைத்தானே செய்ய வந்திருந்தேன். அந்த ஒரு கையின் அளவு சுவர் முழுக்க 'ஸ்போர்ட்ஸ்' என்ற பெயரில் தொங்குவதுதான் உறுத்தியது.

மோட்டார் வண்டியின் தொடக்கத்தில் இந்த வட்டமே கிடையாது. 1888 ஆகஸ்டில் பெர்த்தா பென்ஸ், கணவரிடம் சொல்லாமல் இரண்டு மகன்களை ஏற்றிக்கொண்டு மன்ஹைமிலிருந்து ஃபோர்ஸ்ஹைமுக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிப்போனபோது அவர் பிடித்திருந்தது ஒரு சிறு கைப்பிடி. அடைத்துக்கொண்ட எரிபொருள் குழாயைத் தொப்பி ஊசியால் குத்திச் சரிசெய்தார். நீண்ட தூரம் கார் ஓட்டிய முதல் மனிதர் ஒரு பெண். ஆறு ஆண்டுகள் கழித்து, 1894-இன் பாரிஸ்–ரூவான் ஓட்டத்தில்தான் அல்ஃப்ரெட் வஷெரோன் தன் பனார் வண்டியில் சக்கரத்தைப் பொருத்திக்கொண்டு வந்தார்.

நம் பக்கத்திலும் ஒரு கதை இருக்கிறது. முல்லைத் திணைப் பாட்டுகளில் தலைவன் வலவனிடம் தேரை விரைந்து செலுத்தச் சொல்வான். தலைவி வீட்டில் காத்திருப்பாள். வகுப்பில் பல ஆண்டு நடத்தியிருக்கிறேன். தேர் ஓட்டிய பெண் என்று தேடினால் கைகேயி வருகிறாள். சம்பராசுரப் போரில் தசரதனின் தேரை அவள் செலுத்தினாள், அச்சாணி கழன்றபோது தன் விரலையே கொடுத்தாள் என்று வாய்மொழிக் கதை சொல்கிறது. அந்த இரண்டு வரங்கள் ஓட்டியதற்கான கூலி. கூலியைக் கேட்டதுதான் ஊருக்கு நினைவிருக்கிறது.

சக்கரத்துக்கு வருகிறேன். சிறிய சக்கரம் பார்க்க அழகு, தொடையில் இடிக்காது, வண்டி சட்டென்று திரும்புவதுபோல் இருக்கும். பவர் ஸ்டியரிங் இல்லாத வண்டியில் இதற்கு ஒரு விலை உண்டு. நெம்புகோல் கணக்குதான்: 37 சென்டிமீட்டரிலிருந்து 35-க்கு இறங்கினால் கை போட வேண்டிய விசை ஏறக்குறைய 6 விழுக்காடு கூடும். 32-க்கு இறங்கினால் 16 விழுக்காடு. பந்தயத் திடலில் வண்டி வேகமாக ஓடும்போது முன்சக்கரம் இலேசாகத்தான் இருக்கும். போடிமெட்டுக் கொண்டை ஊசி வளைவில் முதல் கியரில் ஏறும்போது தோள்பட்டை அந்த 16-ஐ ஒன்றொன்றாக எண்ணும். பழைய பஸ், லாரிகளின் சக்கரம் அண்டா வாய் அளவுக்கு இருந்ததன் காரணமும் இதுவே. பெரிய வட்டம் குறைந்த பலத்தோடு வருகிறவருக்கும் இடம் கொடுக்கிறது. கன்னியாகுமரி மாவட்டத்து வசந்தகுமாரி 1993-இல் அரசுப் போக்குவரத்துக் கழகத்தில் ஓட்டுநராகச் சேர்ந்தபோது, பெண்ணுக்கு அந்தச் சக்கரத்தைத் திருப்பக் கை வலு போதுமா என்று கேட்டவர்கள் நெம்புகோலைப் படிக்காதவர்கள்.

அடிப்பக்கம் தட்டையாக வெட்டிய சக்கரம் இப்போது பையன்களுக்குப் பிடித்தது. குறுகலான பந்தய வண்டிக்குள் காலை நுழைக்க அது உதவும். அங்கே சக்கரத்தை முழுச்சுற்றுச் சுற்றவேண்டிய தேவை குறைவு. போடியிலிருந்து போடிமெட்டுக்குப் பதினேழு கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் கைமாற்றிக் கைமாற்றிச் சுற்றவேண்டும். வட்டமாக இருக்கும் என்று நம்பிக் கை போகிற இடத்தில் வட்டம் இல்லாமல் போனால் என்னாகும்? வேண்டாம் என்று வைத்தேன். கிண்ணம்போல் ஆழமாகக் குழிந்த சக்கரத்தையும் வேண்டாம் என்றேன். அதற்குக் காரணம் என் உயரம்.

நான் ஐந்தடிக்குக் கொஞ்சம் கீழே. கிளட்சை முழுதாக மிதிக்க இருக்கையை முன்னால் இழுத்துக்கொள்ள வேண்டும். சக்கரம் நெஞ்சுக்கு அருகில் வந்துவிடும். ஆழமான சக்கரம் இன்னும் நாலு விரற்கடை முன்னால் நீட்டிக்கொண்டு வரும். நீளக்காலனுக்கு அது வசதி. காற்றுப்பை உள்ள வண்டியில் நெஞ்செலும்புக்கும் சக்கரத்துக்கும் இடையே 25 சென்டிமீட்டராவது இருக்கவேண்டும் என்கிறது அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு அமைப்பு. எத்தனை பெண்களுக்கு அது கூடும்? மோதல் சோதனையில் உட்காரவைக்கும் பொம்மைகளில் அதிகம் பயன்படுவது சுமார் 175 சென்டிமீட்டர் உயரமும் 78 கிலோ எடையும் கொண்ட ஆண். பெண் என்று சொல்லி வைக்கிற சிறிய பொம்மை, அதே ஆணைச் சுருக்கிச் செய்தது. 2011-இல் வெர்ஜீனியாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட கணக்கின்படி, ஒரேமாதிரியான மோதலில் சீட் பெல்ட் போட்ட பெண் ஓட்டுநர் கடுமையாகக் காயப்படும் வாய்ப்பு ஆணைவிட 47 விழுக்காடு அதிகம். ஸ்வீடனில் அஸ்ட்ரிட் லிண்டர் குழுவினர் சராசரிப் பெண்ணுடலைக் கொண்டே ஒரு பொம்மையைச் செய்து 2022-இல் காட்டினார்கள். பெர்த்தா பென்ஸ் ஓட்டிப்போய் 134 ஆண்டுகள் கழித்து!

இதைப் படித்துவிட்டுப் புது வண்டியின் சக்கரத்தைக் கழற்றக் கிளம்பிவிட வேண்டாம். 2019 ஜூலையிலிருந்து இந்தியாவில் புதிதாக விற்கும் எல்லாக் கார்களிலும் ஓட்டுநருக்குக் காற்றுப்பை கட்டாயம். அது சக்கரத்துக்குள்ளேதான் மடிந்திருக்கிறது. கழற்றினால் உயிர்க்காப்பைக் கழற்றியதாகும், காப்பீட்டுக்காரரும் கைவிரிப்பார். என் வண்டியில் இழக்க ஒன்றுமில்லை என்பதால்தான் இறங்கினேன்.

எங்கள் பள்ளத்தாக்கில் ஸ்டியரிங் என்றால் முதலில் நினைவுக்கு வருவது ஜீப்பு. கம்பம், கூடலூர், போடி தெருக்களில் விடியுமுன் ஜீப்புகள் நிற்கும். இடுக்கி மலையின் ஏலத்தோட்டங்களுக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு குமுளி வழியாகவும் கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாகவும் ஏறும். தூக்குவாளியும் மடித்த சாக்குமாகப் பின்னால் நெருக்கி உட்கார்ந்திருப்பவர்கள் எல்லாம் பெண்கள். சக்கரத்தைப் பிடித்திருப்பவர் ஆண். விதிவிலக்கை நான் பார்த்ததில்லை. என் சித்தி இருபது வருடத்துக்கு மேல் அப்படிப் போய் வந்தவர். எந்த வளைவில் வண்டி எந்தப் பக்கம் சாயும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். அந்தச் சாலையை அவரளவுக்கு அறிந்தவர்கள் குறைவு. ஸ்டியரிங்கை ஒருநாளும் தொட்டதில்லை. "அதுக்கென்ன தாயி, நமக்கு எடம் கெடைச்சாப் போதாதா" என்பார். இடம் என்று அவர் சொல்வது பின்சீட்டு ஓரத்தில் அரை இடுப்பு வைக்கிற இடம்.

இரண்டு வாரம் தேடி, 35 சென்டிமீட்டரில், முழு வட்டமாக, குழிவு குறைந்த ஒன்றைத் தேர்ந்தேன். மெல்லிய பிடி, துளையிட்ட தோல். மெல்லாட்டுத் தோல்போல் மென்மயிர் வைத்தது பார்க்க நன்றாகத்தான் இருந்தது. தேனி வெயிலில் வியர்த்த கை அதை ஒரே கோடையில் பாய்போல் ஆக்கிவிடும். கம்பிகளை இரு கையாலும் முறுக்கிப் பார்த்தேன். மலிவான போலிகளில் அது வளையும்.

தேனி மெக்கானிக் ஒரு நல்ல மனிதர். பையனுக்கா என்று கேட்கவில்லை. "உக்காருங்க மேடம், கையை நீட்டிப் பிடிங்க" என்று முதலில் என்னை அளந்தார். முன்சக்கரங்களை நேராக நிறுத்தி, பேட்டரி வயரைக் கழற்றி, நடு நட்டை எடுக்குமுன் தண்டின் பல்லில் சாக்பீஸால் கோடு போட்டார். ஒரு பல் தள்ளி மாட்டினாலும் நேர்ச்சாலையில் சக்கரம் கோணலாக நிற்குமாம். இடையில் வைக்கிற இணைப்புத் துண்டு ஜென்னுக்கென்றே செய்ததாக இருக்க வேண்டும் என்றார். மோதினால் நசுங்கிக் கொடுக்கிற வகை கிடைக்கும்வரை பத்து நாள் காத்திருக்கச் சொன்னார். காத்திருந்தேன்.

அவர் மாற்றச் சொன்ன இன்னொன்று ஹாரன். பழைய சக்கரத்தில் நடுவில் அகலமான ரப்பர் திண்டு. கை எங்கிருந்தாலும் எட்டும். புதியதில் ஐந்து ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிய பொத்தான் ஒன்று. கை குறுக்காகப் போயிருக்கும் நேரத்தில் அதைத் தேட முடியாது. கம்பிகளின் அடியில், கட்டைவிரல் விழுகிற இடத்தில், இருபுறமும் இரண்டு சிறு பொத்தான்கள் வைத்து வயர் இழுத்துக் கொடுத்தார். கூலி தனி.

போன மாதம் ஒரு சனிக்கிழமை மாலை சித்தியை முன்சீட்டில் உட்கார வைத்துக்கொண்டு போடிமெட்டுக்கு ஏறினேன். பாதி வழிவரை சித்தி ஒன்றும் பேசவில்லை. என் கையையே பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு ஒரு வளைவுக்கு முன்னால், "ஹாரனை அடி தாயி, ஜீப்பு எறங்குற நேரம்" என்றார். அடித்தேன். மேலேயிருந்து பதில் ஹாரன் வந்தது.