பைரூஸ் மணிகள்

கெய்ரோவில் அல்அஸ்ஹர் பள்ளிவாசலுக்கு அருகே உள்ளது கான் அல்கலீலி அங்காடி. மம்லூக்கியர் ஆட்சியில், 1380களில், ஜஹார்கஸ் அல்கலீலி என்னும் அமீர் கட்டிய வணிக விடுதியே அதன் தொடக்கம். 2019இல் அங்குச் சென்றபோது நம் கையில் மகள் எழுதித் தந்த சீட்டு இருந்தது: பைரூஸ் மணி, 8 மில்லிமீட்டர், 5 சரம், அகீக் 3 சரம், வெள்ளிக் கொக்கிகள். கைம்பெண்ணான அவள் மாலை கோத்து விற்றே இரு பிள்ளைகளை வளர்க்கிறாள்.

இலக்கண அரபியில் விலை கேட்டோம். கடைக்கார முதியவர் புன்னகைத்தார். அவருடைய எகிப்தியப் பேச்சோ நமக்குப் பாதிதான் விளங்கிற்று. நீலச் சரம் மிக மலிவு. மனம் களித்தது. ஒரு மணியின் துளைக்குள் உற்று நோக்கினோம், உள்ளே வெள்ளை! சாயமேற்றிய ஹவுலைட் கல். வினவியதும் அவர் மறைக்கவில்லை. மெய்யான பைரூஸ் ஒரு சரத்துக்கே நம் பணம் போதும் போலிருந்தது.

உண்மையைச் சொல்லி விற்றால் சாயக்கல்லும் ஆகுமானதே. ஆண்டுதோறும் மாணவருக்கு நாம் நடத்தும் பாடந்தான் அது. ஆயினும், வறுமையில் உழலும் மகள் சொல்லி விற்பாளா? அந்த எண்ணம் நம்மை உறுத்திற்று. சாயச் சரங்களையே வாங்கி, ஒவ்வொரு பொட்டலத்தின்மேலும் 'சாயக்கல்' என்று எழுதினோம்.

ஊர் வந்ததும் அதைப் படித்த மகள் நெடுநேரம் பேசவில்லை. பின்பு, "என்மேல் அவ்வளவு ஐயமா, வாப்பா?" என்றாள்.