நெக் பக்கமோ, பிரிட்ஜ் பக்கமோ?

"அக்கா, ஹம்பக்கர் பிக்கப் ஒன்றுக்குத்தான் காசிருக்கு. நெக் பக்கம் போடட்டோ, பிரிட்ஜ் பக்கம் போடட்டோ?" பாட்டுக்குழுவில் கிட்டார் வாசிக்கும் தம்பி ஒருவர் சென்ற மாதம் கேட்டார். பதில் ஒரு வரிதான். ஆனால் அதை நான் கற்றுக்கொண்ட விதம் கொஞ்சம் வெட்கமானது. அதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

ஸ்கீவவில் நாங்கள் ஆராதனைக்கு இரவல் பெறும் டெனிஷ் மண்டபத்தில் தரையைச் சுற்றி ஒரு கம்பி வளையம் ஓடுகிறது. 'தெலஸ்லுங்க' என்பார்கள். ஒலிவாங்கியில் வரும் குரலை அது காந்தப்புலமாக்கி, காதுக்கருவிக்குள் இருக்கும் சிறு சுருளுக்கு நேரே அனுப்பும். கிட்டார் பிக்கப்பிலும் இருப்பது காந்தமும் சுருளும்தான். என் பழைய கிட்டாரில் மூன்றும் ஒற்றைச் சுருள் பிக்கப்புகள். வளையத்தின் ஒலியை அவையும் பிடித்தன. அம்ப்ளிஃபயர் இரைந்தது, சிலவேளை கூவியது.

பாட்டு நேரம் மட்டும் வளையத்தை நிறுத்தும்படி கேட்டேன். நிறுத்தினார்கள். கிட்டார் சுத்தமாகக் கேட்டது. மூன்றாம் ஞாயிறு, முன்வரிசையில் ஒரு ஆச்சி பாட்டுப் புத்தகத்தை மூடி மடியில் வைத்திருந்தார். "மெசின் பழுதாப் போச்சுப் பிள்ளை. பிரசங்கம் கேக்குது, பாட்டு வந்தால் ஒண்டும் கேக்குதில்லை" என்றார்.

நான் ஒரு தாதி. முதியவர்களின் காதுக்கருவிக்குப் பற்றரி மாற்றுவது என் அன்றாட வேலை. எனக்கே அது தோன்றவில்லை. அடுத்த ஞாயிறு வளையம் மீண்டும் ஓடியது; கிட்டார் வீட்டில் இருந்தது.

பிறகுதான் ஹம்பக்கரைப் பற்றிப் படித்தேன். கிப்சன் நிறுவனத்தில் சேத் லவர் என்பவர் உருவாக்கி 1955இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தது. 1957 முதல் லெஸ் போல் கிட்டார்களில் வந்தது. அதில் இரண்டு சுருள்கள், ஒன்றுக்கொன்று எதிராக இணைக்கப்பட்டிருக்கும்; காந்த முனைகளும் மாறியிருக்கும். வெளியிலிருந்து வரும் இரைச்சல் ஒன்றையொன்று பெரும்பாலும் அழித்துவிடும். தந்தியின் நாதம் மட்டும் ஒன்றுசேரும். ஒற்றைச் சுருளின் இடத்திலேயே பொருந்தும் ஒடுங்கிய ஹம்பக்கரும் உண்டு. என்னிடமும் ஒன்றுக்குத்தான் காசிருந்தது.

எந்தப் பக்கம்? ஸ்டெதஸ்கோப்பை நினைத்துக்கொண்டேன். இதயம் ஒன்றுதான். ஆனால் அதன் நுனியருகே வைத்தால் முதல் ஒலி உரத்துக் கேட்கும். மேலே வைத்தால் இரண்டாம் ஒலி உரத்துக் கேட்கும். தந்தியும் அப்படியே. பிரிட்ஜுக்கு அருகில் அது கொஞ்சமாகவே அசையும். கூர்மையான மேல் ஒலிகள் முன்னுக்கு வரும். நெக் பக்கம் அகலமாக அசையும். நாதம் தடித்து, இதமாக இருக்கும்.

தனிச்சுரம் வாசிக்க பிரிட்ஜ் நல்லது. கீபோர்ட், ட்ரம்ஸ் நடுவிலும் அது தெளிவாக வெளியே வரும். டிஸ்டோர்ஷன் கூட்டினாலும் சுரங்கள் கலங்காது. நெக் பக்கம் டிஸ்டோர்ஷன் கூடினால் கீபோர்ட்டின் இடதுகையோடு சேர்ந்து சேறாகிவிடும். ஆனால் மெதுவான கோர்ட்ஸுக்கு, பாடுகிறவர்களைத் தாங்குவதற்கு, நெக்தான்.

நான் நெக் பக்கமே போட்டேன். வயது போகப் போக முதலில் மங்குவது கூர்மையான ஒலிகள். ச, ஸ போன்றவை அங்கேதான் இருக்கின்றன. காதுக்கருவி கூட்டிக்கொடுப்பதும் பெரும்பாலும் அவற்றையே. பிரிட்ஜின் கூர்மையும் அதே இடத்தில் விழுந்தால் ஆச்சிக்குப் பாட்டின் சொல் மறைந்துபோகும். இப்போது ஆராதனையில் மற்ற இரண்டு பிக்கப்புகளையும் நான் தொடுவதில்லை.

தம்பி, உங்கள் குழுவில் கீபோர்ட் நிறைவாக இருந்து, நீங்கள் தனிச்சுரம் வாசிப்பவர் என்றால் பிரிட்ஜில் போடுங்கள். அது பிழையல்ல. ஆனால் காசு கொடுக்க முதல், வேறொருவரை வாசிக்கச் சொல்லிவிட்டு முன்வரிசையில் போய் இருந்து கேளுங்கள். பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதலாம் நிருபம் 14ஆம் அதிகாரத்தில் குழலையும் சுரமண்டலத்தையும் பற்றிப் பேசும்போதும், கேட்கிறவனுக்கு விளங்க வேண்டும் என்பதுதான் அவருடைய கவலை.

ஆச்சி இப்போது பாடுகிறார், அரைச்சுருதி கீழே. எனக்கு அது நன்றாகக் கேட்கிறது.