சத்திரக்காரன் எங்கே?

ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஆவடி சர்ச்சில் நல்ல சமாரியன் கதையை உருகி உருகிக் கேட்பார்கள். திங்கட்கிழமை காலை சி.டி.ஹெச். ரோடில் ஒருத்தன் பைக்கோடு விழுந்து கிடந்தால், "தொட்டா போலீஸ் கேஸாயிடும் ஸார்!" என்று நகர்ந்துவிடுவார்கள். அம்பத்தூர் எஸ்டேட்டில் கார்டு பஞ்ச் பண்ண வேண்டாமா? கதையில் ஒதுங்கிப்போன ஆசாரியனுக்கும் லேவியனுக்கும் இப்படித்தான் ஏதோ ஆபீஸ் அவசரம் இருந்திருக்கும்!

அந்தப் பயத்துக்கு இப்போது வேலையில்லை. 2016-ல் சுப்ரீம் கோர்ட் வழி காட்டியது. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்திலேயே 134ஏ என்று ஒரு பிரிவு வந்துவிட்டது. விபத்தில் உதவப்போன இடத்தில் ஏதாவது ஆகிவிட்டாலும் உதவியவர் மேல் வழக்கு கிடையாது. இஷ்டமில்லாவிட்டால் பெயர்கூடச் சொல்ல வேண்டாம்.

ஆனால், எனக்கு அந்தக் கதையில் பிடித்த ஆள் வேறு. சமாரியன், அடிபட்டவனைச் சத்திரத்தில் சேர்த்து, இரண்டு பணம் கொடுத்து, 'மேலே செலவானால் திரும்பி வரும்போது தருகிறேன்' என்று கிளம்பிவிடுகிறான். அதன்பிறகு எல்லாமே சத்திரக்காரன் கையில்தான். பணத்தை வாங்கிக்கொண்டு நோயாளியைத் திண்ணையில் போட்டிருக்கலாம். பொய்க் கணக்கு எழுதியிருக்கலாம். யார் பார்க்கப் போகிறார்கள்? அவன் நாணயமானவனாக இல்லாவிட்டால், சமாரியனின் இரக்கம் அந்த வாசலோடு சரி.

சமாரியனாகும் சந்தர்ப்பம் வாழ்க்கையில் ஒரு தடவையோ, இரண்டு தடவையோ வரும். சத்திரக்காரர்களாகத்தான் தினமும் பத்து மணிக்குக் கவுன்டரில் உட்காருகிறோம்.