பரம்பிலிருந்து மையவாடி வரை

திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூருக்கு 1923-ல் ரயில் விட்டார்கள். 61 கிலோமீட்டர். சஷ்டிக்கும் ஆவணித் திருவிழாவுக்கும் நிற்க இடமில்லாமல் கூட்டம் ஏறும் வண்டி. எனக்கு அந்தப் பாதை முருகனுக்கு மட்டும் உரியதல்ல. இந்தச் சீமை தன் இறந்தவர்களை எங்கே, எப்படிக் கிடத்தியது என்று ஸ்டேஷன் ஸ்டேஷனாகப் பார்த்துக்கொண்டே போகலாம்.

பாளையங்கோட்டையில் ரேனியஸ் ஐயரின் கல்லறை. பிரஷ்யாவில் பிறந்து, தமிழுக்கு இலக்கணம் எழுதி, 1838-ல் இந்த ஊரிலேயே கண்மூடியவர்.

செய்துங்கநல்லூர், தாதன்குளம் கடந்து வயலும் வாழையுமாக வண்டி ஓடுகிறது. ஸ்ரீவைகுண்டத்தில் இறங்கிவிட வேண்டும். பக்கத்தில்தான் ஆதிச்சநல்லூர்.

114 ஏக்கர் மேடு. அருகிலேயே தாமிரபரணி பாய்ந்தும் அந்த மேடு சரளையும் பாறையுமாகவே கிடக்கிறது. பழங்காலத்தில் பாறையைக் குழி குழியாக வெட்டி, இறந்தவர்களை வைத்த தாழிகளை இறக்கியிருக்கிறார்கள். உள்ளே எலும்புகள், கூடவே சிறு கலயங்கள், இரும்பு ஆயுதங்கள். சிலரோடு நெற்றியில் கட்டும் பொன் பட்டமும் போயிருக்கிறது. விளையும் மண்ணைப் பிள்ளைகளுக்கும், கலப்பை இறங்காத கல்லை முன்னோருக்கும் பிரித்து வைத்த கணக்கு அது என்று நினைக்கிறேன். அந்தக் கல்லை வெட்டப் பட்ட பாட்டைப் பார்த்தால், வேண்டாத இடத்தில் தள்ளிவிட்டார்கள் என்று சொல்ல மனம் வராது.

1876-ல் ஜெர்மானியரான யாகோர் தோண்டி, கிடைத்ததை பெர்லினுக்குக் கொண்டு போனார். 1899 முதல் அலெக்சாண்டர் ரீ சில ஆண்டுகள் தோண்டி எடுத்தவை சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போயின. 2004-ல் தொல்லியல் துறை மறுபடி அகழ்ந்தபோது 150-க்கும் மேற்பட்ட தாழிகள் வெளிப்பட்டன. 2023-ல் அகழ்ந்த குழியின் மேலேயே கண்ணாடி பதித்து, தாழிகளை அவை கிடந்த இடத்திலேயே காட்டத் தொடங்கினார்கள். பெட்டியில் அடைத்து ஊர் கடத்துவதைவிட இது ஆயிரம் மடங்கு மேல். ஆற்றுக்கு வடக்கே சிவகளைப் பரம்பு மேட்டில் ஒரு தாழிக்குள் இருந்த நெல்லின் காலத்தைக் கி.மு. 1155 என்று கணித்திருக்கிறார்கள். போகிறவருக்கென்று யாரோ கையால் அள்ளிப் போட்ட நெல்.

ஆழ்வார்திருநகரி, நாசரேத், குறும்பூர். ஆறு புன்னைக்காயல் பக்கம் விலகிவிடுகிறது. ஆறுமுகநேரியில் உப்பளம் தெரிந்தால் காயல்பட்டினம் வந்துவிட்டது.

அங்கே பழைய பள்ளிவாசல்களை ஒட்டிய மையவாடிகளில், அதாவது அடக்கத் தலங்களில், அரபி எழுத்து செதுக்கிய பழைய மீசான் கற்கள் (கல்லறைக் கற்கள்) இருக்கின்றன. தாழியில் கிடந்தவர்களின் பெயர் நமக்குக் கிடைக்காது. இவர்கள் கல்லில் எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். கடற்காற்றில் எழுத்து மழுங்கிவிட்டால் அதுவும் போய்விடும். ஆதிச்சநல்லூருக்குக் கிடைத்த அக்கறையில் பத்தில் ஒரு பங்காவது இந்தக் கற்களுக்கும் பாளையங்கோட்டைக் கல்லறைகளுக்கும் கிடைக்க வேண்டும். ஒவ்வொரு கல்லையும் படியெடுத்து, தமிழில் பெயர்த்து, உள்ளூர்ப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கையில் கொடுக்க வேண்டும். அரபி கற்ற ஆலிம்கள் காயலிலேயே இருக்கிறார்கள். அவர்களை வைத்தே தொடங்கலாம்.

திருச்செந்தூரோடு தண்டவாளம் முடிகிறது. கடலோரத்தில், நாழிக்கிணற்றுப் பக்கம் மூவர் சமாதி. மௌன சுவாமி தொடங்கிய கோயில் திருப்பணியைக் காசி சுவாமி ஏற்றார். அவருக்குப் பின் ஆறுமுக சுவாமி. இன்று நாம் கும்பிடும் கோயிலில் அந்த மூவர் உழைப்பும் இருக்கிறது. தரிசனம் முடிந்து ரயிலுக்கு நேரம் இருந்தால் அங்கேயும் போய் வாருங்கள்.