கருந்துளையுள் வீழ்ந்த செய்தி

காங்கேயத்துக் கொப்பரைக் களமொன்றில் கணக்கேடு எரிந்துபோயின் வணிகர் வருந்துவர். இயற்பியலாரோ, அதன் புகை, சாம்பல், ஒளி, வெப்பம் அனைத்தையும் ஒன்றுவிடாது அளந்தால் எழுத்துகளை மீட்கலாம் என்பர். (அளந்து காட்டியவர் எவருமிலர்.) அவ்வேடு கருந்துளையுள் வீழ்ந்தால் யாதாகும்?

வெண்குறுமீனின் எடைக்கு எல்லை உண்டெனத் தமிழரான சுப்பிரமணியன் சந்திரசேகர் 1930-இல் கப்பற்பயணத்தின்போது கணித்தார். மிகப் பெரிய விண்மீன் ஒடுங்கிக் கருந்துளையாகலாம் என்னும் முடிவுக்கு அக்கணக்கு வழிகோலியது. கருந்துளையும் வெப்பம் உமிழ்ந்து தேயும் என 1974-இல் கூறினார் ஸ்டீபன் ஹாக்கிங். அவ்வெப்பம் துளையின் எடை, சுழற்சி, மின்னூட்டம் ஆகியவற்றையன்றி வேறெதையும் உணர்த்தாது. ஆகவே ஏட்டின் செய்தி அறவே அழியும் என்றார்.

ஜான் பிரெஸ்கில் மறுத்தார். 1997-இல் பந்தயம் மூண்டது. வேண்டும்போது செய்தியை மீட்கத்தக்க கலைக்களஞ்சியமே பந்தயப் பொருள், நல்ல குறும்பு! 2004-இல் ஹாக்கிங் தோல்வியை ஒப்பி அதனை வழங்கினார். அவர் பக்கம் நின்ற கிப் தோர்ன் அன்று இசையவில்லை.